அரசிதழில் வெளியான காற்று

கிரில்னா துறைமுகத்தில் காற்றுக்குப் பஞ்சம் வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. குளிர்காலத்தில் வடகிழக்கு மலையிலிருந்து பூரா என்ற காற்று இறங்கினால் கூரை ஓட்டின்மேல் கல் ஏற்றி வைக்க வேண்டும். தென்கிழக்கிலிருந்து யூகோ வந்தால் மூன்று நாளைக்குத் தலைவலியும் புருஷன் பெண்டாட்டி சண்டையும் நிச்சயம். கோடைப் பிற்பகலுக்கென்று மாயெஸ்த்ரால் என்று ஒரு நல்ல பிள்ளைக் காற்றும் உண்டு. இத்தனையும் வாய்த்த ஊரில், மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஷிமுன் காற்றில்லாமல் மாட்டிக்கொண்டார். அதுவும் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில்.

ஷிமுனுக்கு வயது ஐம்பத்தாறு. அதில் முப்பத்தெட்டு வருடம் பாய்மரப் படகில் போனது. ‘கலேப்’ என்ற தன் படகில் கோடை முழுக்க வெளியூர் விருந்தாளிகளை ஏற்றித் தீவு தீவாகச் சுற்றுவார். குடும்பம் சாப்பிடுவது அதில்தான். உரிமத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் துறைமுக அதிகாரியோடு ஒரு காபி குடித்தால் போதும், காபி ஆறுவதற்குள் முத்திரை விழுந்துவிடும். இது சரியில்லை என்று தலைநகரத்தில் யாருக்கோ தோன்றி, ‘கடலசைவு மெய்ம்மை வாரியம்’ என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். இனித் தேர்வு கடலில் இல்லை, கம்ப்யூட்டரில். அசல் கடலில் ஒருவருக்கு நல்ல அலையும் இன்னொருவருக்குக் கெட்ட அலையும் கிடைத்து, பாரபட்சம் ஆகிவிடுகிறதாம்.

வாரியத்தில் நாற்பத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் மூன்று பேருக்கு நீச்சல் தெரியும். தலைவர் டாக்டர் ஒக்தாவியன், சூரியகாந்தியும் பன்றியும் விளைகிற உள்நாட்டுச் சமவெளிக்காரர்; தண்ணீர்த் தொட்டியில் பொம்மைப் படகை ஆடவிட்டு ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அசல் கடலைப் பார்த்தால் அவருக்கு வயிற்றைப் பிரட்டும் என்பதால், தன் அறையை ஊர்ப்பக்கம் பார்த்து வைத்துக்கொண்டார்.

ஷிமுன் அன்று கலேப்பில்தான் வந்தார். பழைய உரிமம் அன்று காலை பத்து மணியோடு காலாவதி. சனிக்கிழமை முதல் விருந்தாளிகள் வருகிறார்கள். ஒரு மணி நேர வேலைதானே என்று, வாரியக் கட்டடத்துக்கு நேர் கீழே, அலைதடுப்புச் சுவருக்கு வெளியே உள்ள வெளித்துறையில், முன்னால் ஒரு கயிறு பின்னால் ஒரு கயிறு என்று கட்டிவிட்டு மாடியேறினார். யூகோ வந்தால் வெளித்துறையில் படகு நிற்கக்கூடாது என்பது கிரில்னாவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

தேர்வுக் கூடத்தின் நடுவில், ஆறு இரும்புக் கால்களின்மேல், வெட்டி எடுத்த அரைப் படகு ஒன்று நின்றது. உள்ளே ஒரு நாற்காலி, கையில் பிடிக்க ஒரு சுக்கான், சுற்றிலும் பெரிய திரைகள். நாற்காலியின் முதுகில் 4417 என்று எண் பொறித்த தகடு. திரையில் கிரில்னா தெரிந்தது. எதிரே இரண்டு கடல்மைல் தள்ளி ஒரு குட்டித் தீவு. அந்தத் தீவின் துறையில் போய்ப் படகைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அசலில் ஷிமுன் அதை அரை மணியில், ஒரு கையில் ரொட்டியைத் தின்றபடி செய்வார்.

எழுத்தர் வின்கா விதியை வாசித்தாள். “விதி முப்பத்தொண்ணு. புறப்பட்ட படகைச் சேருமிடத்துல கட்டுற வரைக்கும் மாலுமி படகை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினா கலத்தைக் கைவிட்டதா அர்த்தம், உரிமம் ஆயுசுக்கும் ரத்து. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க பார்பா.”

வயதான கடலோடியை அந்தக் கரையில் பார்பா என்றுதான் கூப்பிடுவார்கள். ஷிமுன் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். படகு துறையை விட்டுப் பத்து மீட்டர் நகர்ந்து நின்றுவிட்டது. பாய் கொடியில் காயப்போட்ட ஈரத்துணியாகத் தொங்கியது. ஆனால் கீழே இரும்புக் கால்கள் மட்டும் வேலையை ஆரம்பித்தன. படகு இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் சாய்ந்து, மூக்கைத் தூக்கி, மூக்கைக் கவிழ்த்து ஆடியது. காற்றில்லாத அலையாட்டத்தைப்போல் மோசமானது கடலில் வேறில்லை.

“வின்கா, காத்து வரலையேம்மா.”

“வந்தாச்சு பார்பா. இதான் காத்து.”

“எது?”

“சட்டப்படியான சராசரிக் காத்து. அரசிதழ்ல வந்திருக்கு.”

தலைவரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் ஒக்தாவியன் மகிழ்ச்சியாக வந்தார். ஒரு பொதுஜனம் சந்தேகம் கேட்டது அவருக்கு அந்த வருடத்தில் முதல் தடவை.

“பாருங்க, தேர்வுல வடகிழக்குப் பூராவை வெச்சா தெற்குக் கரைக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. யூகோவை வெச்சா வடக்குக் கரைக்காரங்க. அதனால இருபது வருஷத்துக் காத்தைத் திசையோட சேர்த்துக் கூட்டி வகுத்தோம். வடகிழக்கைத் தென்மேற்கு தின்னுடுச்சு. தென்கிழக்கை வடமேற்கு தின்னுடுச்சு. மிச்சம் நிக்கிறது யாருக்கும் பாதகமில்லாத காத்து.”

“மிச்சம் ஒண்ணுமே இல்லையே டாக்டர்.”

“அதைத்தான் சொல்றேன். யாருக்கும் பாதகமில்ல.”

“அப்ப இந்த ஆட்டம்?”

“அலைக்கு நாங்க உயரம் மட்டும்தான் அளந்தோம், திசை அளக்கல. உயரத்தைக் கூட்டினா ஒண்ணை ஒண்ணு தின்னாது. சராசரி ஒண்ணேகால் மீட்டர். மெய்ம்மை விஷயத்துல வாரியம் விட்டுக்கொடுக்காது.”

“இதுக்கு முன்னால இதுல தேறினவங்க யாராவது?”

“நீங்கதான் முதல் ஆள். கொடுத்து வெச்சவர்.” டாக்டர் அவர் தோளைத் தட்டப் போனார்; ஆனால் தோள் அப்போது ஒரு மீட்டர் கீழே போயிருந்தது. “இந்த வாரியம் வர்றதுக்கு முன்னாடி நம்ம கடல்ல காத்து அதன் இஷ்டத்துக்கு அடிச்சிட்டிருந்தது. அதை நினைச்சுப் பாருங்க.”

எஞ்சினைப் போடலாமா என்று ஷிமுன் கேட்டார். எஞ்சினுக்கு வேறு உரிமம், வேறு மாடி. துடுப்பு? எந்திரம் வாங்கிய விலைப்புள்ளியில் துடுப்பு இல்லை. மதியம் மூன்று மணிக்கு வாரியம் மூடும் நேரம் வந்தது. எந்திரத்தை அணைத்துவிட்டுப் போங்கள், நாளைக்கு மிச்சத்தை ஓட்டுகிறேன் என்று கெஞ்சினார். கடலை யாராவது அணைப்பார்களா என்று டாக்டர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். வின்காதான் பாவம், ஒரு போர்வையும் ஒரு வாளியும் கொண்டுவந்து வைத்தாள். வாளியைக் கலத்தின் கழிப்பறை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

கூடத்துக்கு ஒரே ஜன்னல். அதன் வழியே அசல் துறைமுகம் தெரிந்தது. மாயெஸ்த்ரால் அருமையாக அடித்துக்கொண்டிருந்தது; ஊரில் உள்ள கந்தல் படகெல்லாம் பாயை விரித்துக்கொண்டு போயின. கீழே கலேப் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தது. கடலோரக் காவலர் பாஷ்கோ வந்து அதன் பாய்மரத்தில் மஞ்சள் நிறச் சீட்டு ஒன்றை ஒட்டுவதும் தெரிந்தது.

அது என்ன சீட்டு என்பது மறுநாள் காலை மனைவி பெரினா வந்தபோது தெரிந்தது. அவளும் லேசில் வந்துவிடவில்லை. கடலில் நிற்கும் படகுக்கு இன்னொரு கலத்திலிருந்துதான் பொருள் ஏற்றலாம் என்று விதி. வின்கா தன் மேசையடியில் இருந்த சக்கரம் வைத்த நாற்காலியைக் கொடுத்து, அதை ‘உணவுப் படகு, எண் ஒன்று’ என்று பதிந்து, பெரினாவை அதில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். பெரினாவின் மடியில் வறுத்த மத்தியும் ரொட்டியும், கீரையோடு மசித்த உருளைக்கிழங்கும் இருந்தன.

“முப்பது வருஷமா உன்னைக் கடலுக்கு அனுப்பிட்டு வயித்துல நெருப்பைக் கட்டிட்டு இருந்தேன்,” என்றாள். “கடைசில மாடியில போய் மூழ்குறியே மனுஷா.”

“மூழ்கல. நிக்குது. கலேப்பை உள்துறைக்குக் கொண்டுபோய்க் கட்டச் சொல்லு யாரையாவது.”

“சொல்லாமயா? சீட்டு ஒட்டியிருக்கான். புது உரிமத்தைக் காட்டுற வரைக்கும் யாரும் அதை அசைக்கக் கூடாதாம். இன்னும் ரெண்டு கயிறு போடப் போனேன். கயிறு போடுறதும் படகை இயக்குறதுல சேருமாம். நம்ம கல்யாணத்துல தின்ன வாயால சொல்றான் பாஷ்கோ.”

“நாளைக்கு வானம் எப்படி இருக்கும்?”

“எனக்குத் தலை வலிக்குது,” என்றாள் பெரினா. யூகோ வருவதற்கு ஒரு நாள் முன்பே அவளுக்குத் தலைவலி வந்துவிடும். அது தப்பியதே இல்லை.

ஷிமுன் கையிலிருந்த மத்தியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

புதன்கிழமை மதியம் இந்த எந்திரத்தின் ஆட்டத்துக்குக் கம்ப்யூட்டர் கணக்கு எழுதிய யெல்கா பக்கத்து நகரத்திலிருந்து வந்து சேர்ந்தாள். முப்பது வயதுப் பெண். படகின் எடை, பாயின் வளைவு, அடிமரத்தில் உரசும் தண்ணீர் என்று எல்லாவற்றையும் நான்கு வருடம் உட்கார்ந்து எழுதியவள். ஷிமுனைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது பெருமைதான்.

“ஆட்டம் அசல் மாதிரி இருக்கா பார்பா? உள்ளதைச் சொல்லுங்க.”

“அசலா? நேத்துலேர்ந்து ஏழு தடவை வாந்தி எடுக்க வாளியைத் தேடியிருக்கேன் தாயி. பின்னாலேர்ந்து அலை வந்தா வாலைக் கொஞ்சம் திருப்புது பாரு, கலேப்பும் அப்படியேதான் செய்யும். எங்கே கத்துக்கிட்ட?”

யெல்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு வருடத்தில் அதை யாரும் கவனித்துச் சொன்னதில்லை.

“கொஞ்சம் காத்து மட்டும் குடேன்,” என்றார்.

“என் கையில இல்ல. பதினாலு கடிதம் எழுதிட்டேன். காத்து தனிக் கோப்பு. அரக்கு முத்திரை போட்டு இரும்புப் பெட்டியில வெச்சிருக்காங்க. மாத்தணும்னா அரசிதழ்ல வரணும்.” அவள் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். “ஆனா நீரோட்டத்தைச் சராசரி பண்ண மறந்துட்டாங்க. அது தானா உங்களைத் தீவுப் பக்கம் தள்ளிட்டிருக்கு. நீங்க சுக்கானை ஆட்டி ஆட்டித்தான் அதைக் கெடுக்கிறீங்க. கையைக் கட்டிட்டுச் சும்மா இருந்தீங்கன்னா தானே போய்ச் சேரும்.”

“எவ்வளவு வேகம்?”

“மணிக்கு ஏழு மீட்டர்.”

ஷிமுன் மனக்கணக்குப் போட்டார். இருபத்திரண்டு நாள். சனிக்கிழமைக்கு இடையில் மூன்றே நாள்தான் இருந்தது. அன்று இரவு அவர் தூங்கவே இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் வானம் ஈயம் பூசிக்கொண்டு நின்றது. ஒன்பது மணிக்கு யூகோ மெதுவாக ஆரம்பித்தது, பத்துக்கு வலுத்தது, பதினொன்றுக்கு வெளித்துறையின் கற்கள்மேல் அலை ஏறி உடைந்தது. ஜன்னல் வழியே ஷிமுன் பார்த்துக்கொண்டே இருந்தார். கலேப் ஒவ்வோர் அலைக்கும் எழும்பித் துறைச்சுவரை நோக்கிப் போய், கயிறு பிடித்து நிறுத்த, திரும்பி வந்தது. பெரினா ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய டயர் நான்கைச் சுவரோரம் தொங்கவிட்டிருந்தாள். பின்கயிறு ஓர் இடத்தில் நூல் பிரியத் தொடங்கியிருந்தது. அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷனைச் சுற்றி, வழவழப்பான மூன்று திரைகளிலும், காற்றில்லாத நீலக் கடல் வெயிலில் மின்னியது.

அந்த நேரம் பார்த்து டாக்டர் ஒக்தாவியன் தலைநகரத்து விருந்தினர் ஆறு பேரோடு உள்ளே வந்தார். காலைச் சாப்பாடு முடிந்து எல்லோரும் தெம்பாக இருந்தார்கள். யெல்காவும் பின்னால் நின்றாள்.

“இவர்தான் நம்ம முதல் தேர்வாளர்,” என்றார் டாக்டர். “மூணு நாளா கடல்ல இருக்கார். ஒரு மோதல் உண்டா? ஒரு விபத்து உண்டா? பழைய முறையில மூணு நாள் கடல்ல விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாரால சொல்ல முடியும்? எங்கேயாவது போயிருப்பார்.”

விருந்தினர் குறிப்பெடுத்தார்கள்.

“டாக்டர்,” என்றார் ஷிமுன். “கீழே என் படகு. பத்து நிமிஷம் அனுமதி கொடுங்க. உள்துறையில கட்டிட்டுத் திரும்பி வந்து உக்காந்துடுறேன். பைபிள்மேல அடிச்சுச் சத்தியம் பண்றேன்.”

டாக்டர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “வேற எந்த நாளா இருந்தாலும் அனுமதியைப் பத்தி யோசிச்சிருக்கலாம். இன்னைக்கு யூகோ அடிக்குது.”

“அதுக்காகத்தானே கேக்கறேன்.”

“உங்களுக்கே தெரியும், யூகோ அடிக்கிறப்ப மூளை கலங்கியிருக்கும், அப்ப எடுக்கிற முடிவு செல்லாது. நம்ம கரையில முன்னோர் காலத்து வழக்கம். வாரியம் மரபை மதிக்குது. காத்து நின்னதும் மனு கொடுங்க.”

“அரசிதழ்ப்படி காத்தே இல்லைன்னீங்களே.”

“அது தேர்வுக்கு. இது நிர்வாகத்துக்கு.” டாக்டர் ஜன்னலை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டார். “வின்கா, வெளியில தெரியிற கடல் உள்ளே இருக்கிற கடலோட ஒத்துப்போகல. மெய்ம்மை கெடுது. அந்தத் திரைச்சீலையை இழுத்து விடு.”

வின்கா தயங்கித் தயங்கிப் போய் இழுத்து மூடினாள்.

கூடம் நீலமாக, அமைதியாக ஆகிவிட்டது. படகு இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது. ஷிமுன் கண்ணை மூடிக் காதைக் கொடுத்தார். சீலைக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டயரில் மரம் இடிக்கும் சத்தம் அல்ல. கல்லில் மரம் இடிக்கும் சத்தம். அது தன் விலா எலும்பில் விழுந்ததாக அவருக்கு இருந்தது. இன்னும் நாலு இடி விழுந்தால் பலகை பிளக்கும். இந்த ஆட்டத்துக்காகவா அந்தப் படகைச் சாகவிடுவது என்று ஆத்திரம் பொங்கியது.

எழுந்து, படகின் விளிம்பைத் தாண்டி, தரையில் காலை வைத்தார். மூன்று நாள் ஆடிய கால், தரையில் நிற்காமல் தள்ளாடியது.

“தண்ணியில இறங்குறீங்க,” என்றார் டாக்டர் அதிர்ந்துபோய். “ஆயுசுக்கும் ரத்து.”

ஷிமுன் காதில் வாங்கவில்லை. மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி ஓடினார். பெரினா கீழே நனைந்துகொண்டு நின்றாள். அவர் வருவதைப் பார்த்ததும் முன்கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள். பாஷ்கோ சீட்டைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான், பெரினா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டான். ஷிமுன் பாயைப் பாதிக்குமேல் சுருக்கி ஏற்றினார். பின்கயிறு தானாகவே அறுந்தது. கலேப் ஒரு கணம் சுவரை நோக்கிப் போய், காற்று பாயில் விழுந்ததும் ஒருக்களித்துப் படுத்து, அலையைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. மூன்று நாளுக்குப் பிறகு முகத்தில் காற்றுப் பட்டபோது ஷிமுன் வாய்விட்டு அழுதார். அலைதடுப்புச் சுவரைச் சுற்றி உள்துறைக்குள் அவர் வளைத்துத் திருப்பியதைக் கிரில்னாவில் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

மாடியில் விருந்தினரில் ஒருவர் திரைச்சீலையை விலக்கிவிட்டிருந்தார். எல்லோரும் ஜன்னலில் முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

“சாய்வு முப்பத்தஞ்சு டிகிரிக்குமேல இருக்கும்,” என்றார் டாக்டர் ஒக்தாவியன், வாயைக் கைக்குட்டையால் பொத்தியபடி. “நம்ம தரத்துல இருபதுக்குமேல கிடையாது. அந்தத் திருப்பமும் பாருங்க, ரொம்ப மிகை. எந்தப் பாய்மரப் படகும் இப்படிப் போகாது.”

விருந்தினர் அதையும் குறித்துக்கொண்டார்கள். யெல்கா மட்டும் படகு மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஷிமுனின் காலாவதியான உரிமம் அன்று மாலையே ஆயுசுக்கும் ரத்தானது. யூகோ அடித்துக்கொண்டிருந்தாலும், ரத்து என்பது முடிவில் சேராது, நடைமுறையில்தான் சேரும் என்று வாரியம் விளக்கம் கொடுத்தது. சனிக்கிழமை விருந்தாளிகள் வேறு படகில் ஏறிப் போனார்கள். பாஷ்கோ புதுச் சீட்டு ஒட்டினான். ஷிமுன் சமையலறையில் உட்கார்ந்து மேசை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலைத் தாண்டாமல் நாள் போயிற்று. மாடியில் இருந்ததற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இங்கே ஆட்டம் இல்லை.

வாரியத்தில் எந்திரம் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. கைவிடப்பட்ட கலத்தில் ஏற மீட்பு விண்ணப்பம் வேண்டும், அதற்கான படிவம் இன்னும் அச்சாகவில்லை. சுக்கானை ஆட்ட ஆளில்லாததால் நீரோட்டம் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தது. செவ்வாய் வந்து செவ்வாய் போய், இருபத்திரண்டாம் நாள் மதியம், படகு தீவின் துறையைப் பூப்போலத் தொட்டு நின்றது; தொட்டால் கட்டியதாக எந்திரத்துக்குக் கணக்கு. கூடத்தில் மணி அடித்தது. எந்திரம் தானாகவே உரிமத்தை அச்சடித்தது. ஒரு மோதல் இல்லை, ஒரு விதிமீறல் இல்லை, நூற்றுக்கு நூறு. பெயர் எழுதும் இடத்தில், மாலுமியின் இடத்தில் கடைசிவரை இருந்தவர் என்று எந்திரம் கண்டதைப் போட்டிருந்தது: இருக்கை 4417. வாரியம் முத்திரை குத்தியது. தன் எந்திரத்தின் முதல் தேர்ச்சியைத் தானே செல்லாது என்று சொல்ல அதற்கு மனம் வரவில்லை.

வின்கா அதன் நகலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஷிமுன் படித்தார். முப்பத்தெட்டு வருடம் கடலில் கிடந்தவனுக்கு இல்லை, நாற்காலிக்கு உண்டு என்று நினைத்ததும் அவமானமாக இருந்தது. பெரினா தாளைப் பிடுங்கி இரண்டு தடவை படித்தாள்.

“வின்கா, உரிமம் உள்ள மாலுமி படகுல இருக்கணும், அவ்வளவுதானே சட்டம்? சுக்கானை யார் பிடிக்கணும்னு எங்கேயாவது போட்டிருக்கா?”

“இல்லக்கா. மாலுமி மேற்பார்வையில யார் வேணும்னாலும் பிடிக்கலாம்.”

“அப்ப எழுந்திரு மனுஷா. உன் கேப்டனைக் கூட்டிட்டு வரலாம்.”

தேர்ந்த மாலுமியைத் தொழில் செய்யவிடாமல் அடைத்து வைத்தால் எந்த விதியில் குற்றம் என்று பெரினா விசாரித்த விசாரணையில், வாரியம் ஆறு திருகாணிகளையும் கழற்றி நாற்காலியைக் கையில் கொடுத்துவிட்டது. யெல்கா ஒரு பக்கம் பிடித்து இறக்க உதவினாள். கலேப்பின் பின்தளத்தில் அதை நான்கு கயிறு போட்டுக் கட்டினார்கள். பாஷ்கோ உரிமத்தைப் பார்த்தான், தகட்டின் எண்ணைப் பார்த்தான், கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான். பிறகு நாற்காலிக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, மஞ்சள் சீட்டைக் கிழித்தான்.

“புறப்படலாமா கேப்டன்?” என்று கேட்டார் ஷிமுன், பக்கத்தில் நின்று சுக்கானைப் பிடித்துக்கொண்டு.

மறுப்பு வரவில்லை. மாயெஸ்த்ரால் பாயை நிறைத்தது. கலேப் நன்றாகச் சாய்ந்துகொண்டு, வாரியத்தின் வெளித்துறையை ஒட்டிப் போனது. ஷிமுன் தொப்பியை எடுத்து மேலே ஆட்டினார். இரண்டாவது மாடி ஜன்னலில் யாரோ ஒருவர் அவசரமாகத் திரைச்சீலையை இழுத்து மூடினார்.